ஒச்சம்மா தூர் வாரின ஓடை

அந்த ரப்பர் பூட்ஸைக் காலுக்கடியில வச்சுக்க தாயி. மடியிலயே வச்சிருந்தா அடுத்த கொண்டை ஊசி வளைவுல அது ஒரு பக்கம், நீ ஒரு பக்கம் போவீங்க. வத்தலக்குண்டுல நீ ஏறுனப்பவே பாத்தேன். இந்தப் பூட்ஸோட இந்த மலைக்கு வர்ற ஆளுக ஒரே எடத்துக்குத்தான் போவாய்ங்க. ஈத்தங்காட்டு ஊத்துப்பள்ளத்துக்குத்தானே? ஓடையில படல் கட்டுற வேலைக்கு? நெனைச்சேன். சம்பளம் கெடையாது, தெரியும்ல? டீயும் எலுமிச்சஞ்சோறும்தான். நான் இல்லாத வாரத்துல அதுலயும் உப்பு பத்தாது.

நானும் அங்கதான் போறேன். எம் பேரு ஒச்சம்மா. நீ கேட்டாலும் கேக்கலைன்னாலும் நாளைக்குள்ள இந்தப் பேரு உன் காதுல விழுந்துரும். ஆளுக்கொரு விதமாச் சொல்லுவாய்ங்க. அதுக்கு முந்தி நடந்ததை நடந்தபடி நானே சொல்லிடறேன். நாயம் எம் பக்கம் இருக்கா இல்லையான்னு நீயே சொல்லு. நடுவுல தூங்கிராத.

எனக்கு உசிலம்பட்டிப் பக்கம். நூறுநாள் வேலையில நான் மேட். மேட்னா யாரு? பொம்பளைகளைக் கூட்டிக்கிட்டுப் போயி வேலையில நிறுத்தறவ, வெத்தலை போடப் போனவளை மரத்தடியில தேடிப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வர்றவ. கழுத்துல விசில் கெடக்கும். ஊதுனேன்னா கண்மாய் அந்தக் கரையில படுத்திருக்கறவளும் எந்திரிச்சு உக்காருவா. எங்க பக்கத்துக் கண்மாய், ஊரணி, வரத்துக் கால்வாய், நாங்க தூர் வாராத எடம் கெடையாது. மண்ணு சேந்துச்சா, அள்ளு. கரையில போடு. மட்டம் தட்டு. தண்ணியைப் பத்தித் தெரிஞ்சுக்க வேண்டியது அம்புட்டுத்தான். தண்ணி நிக்க வேண்டிய எடத்துல மண்ணு வந்து உக்காந்துக்கிட்டா தண்ணி எங்கிட்டுப் போகும், சொல்லு?

எம் மக பாண்டீஸ்வரியை ஈத்தங்காட்டுலதான் கட்டிக் குடுத்திருக்கேன். மருமகன் கேரட் வண்டி ஓட்டுறாரு. எங்க வீட்டுக்காரரு போனதுக்கப்புறம் நான் தனியாக் கெடக்கேன்னு, போன தை மாசம் மக வந்து கையோட கூட்டிக்கிட்டு வந்துட்டா. மருமகன் தங்கமான ஆளு. அந்தத் தங்கமான ஆளு வீட்டுல உக்காந்து சோறு திங்கறதுதான் தாயி எனக்குத் தொண்டையில எறங்க மாட்டேங்குது. மக வீட்டுல நாலு நாளு விருந்தாடியா இருக்கலாம். மாசக்கணக்குல இருக்கணும்னா கைக்கு வேலை வேணும். அதனால போன அன்னிக்கே அடுப்படியைப் புரட்டிப் போட்டேன். பருப்பு டப்பா இருந்த எடத்துல மொளகா டப்பா, மொளகா டப்பா இருந்த எடத்துல சோடா உப்பு. பரண்ல ஒரு ஜாடியில ஏதோ புளிச்சுப்போயிக் கெடந்துச்சு. வாய்க்கால்ல ஊத்திக் கழுவிக் கவுத்து வச்சேன். அது ஈஸ்டருக்குன்னு மருமகன் பிளம்ஸ் பழத்தை ஊறப்போட்டு வச்ச ஒயினாம். மனுசன் ரெண்டு நாளா அந்த வாய்க்காலையே பாத்துக்கிட்டு நின்னாரு.

எம் மனசுல இருந்தது இதுதான். வேலை இருக்கற வரைக்கும் இருப்பேன், வேலை தீந்த மறுநாள் பஸ் ஏறிருவேன். ஆனா பஸ் ஏற மனசு வரல. பேத்தி எம் முந்தானையைப் பிடிச்சாத்தான் தூங்கும். பாண்டீஸ்வரி வீடோ சின்ன வீடு. எம்புட்டு மெதுவாக் கழுவுனாலும் பத்து மணிக்கெல்லாம் வேலை முடிஞ்சுபோயிரும்.

அப்பத்தான் காடு எரிஞ்சுச்சு. பங்குனி மாசம். எரிஞ்சப்பக்கூட ஊருக்குள்ள ஒண்ணும் ஆகல. கோடை மழை வந்துச்சு பாரு, அப்பத்தான் வினை. மேல புல்லு இல்ல, பூண்டு இல்ல, மொட்டைச் சரிவு. சாம்பலும் மண்ணுமா ஓடை வழியாக் கரைஞ்சு எறங்கி ஊத்துப்பள்ளத்தை மூடிருச்சு. ஊத்துப்பள்ளம்னா காலை வச்சா மொழங்கால் வரைக்கும் போகும், வருசம் பூராம் சொதசொதன்னு கோரையும் தவளையுமாக் கெடக்கும். அதுக்கு அடியில இருந்துதான் ஊருக்குக் குடிதண்ணி ஊறி வருது. சேறு மூடவும் குழாயில டீத்தண்ணி மாதிரி வந்துச்சு. பேத்திக்கு வயித்துக்கு ஒத்துக்காம ஒரு வாரம் ஆசுபத்திரியும் வீடுமா அலைஞ்சோம். எங்க மக அழுததை நான் அன்னிக்குத்தான் பாத்தேன்.

ஃப்ளோரா டீச்சருன்னு பக்கத்து ஊருல ஒருத்தங்க, செடிகொடிப் பாடம் எடுத்து ரிட்டயர் ஆனவங்க. அந்தம்மாதான் ஊத்துப்பள்ளத்தைக் காப்பாத்தணும்னு ஊர் ஊராப் போன் போட்டு ஆளைச் சேத்தாங்க. ஞாயித்துக்கிழமையானா மதுரை, கோயமுத்தூரு, பெங்களூருன்னு புள்ளைக வந்து எறங்கும். எரிஞ்சு நின்ன சீகை மரக் கம்பை வெட்டி, ஓடைக்குக் குறுக்க முளை அடிச்சு, ஆட்டுக் கெடைக்குப் பின்னுற மாதிரி படல் பின்னி நிறுத்துச்சுக. மேல இருந்து கீழ வரைக்கும் வரிசையாப் படல். எதுக்கு என்னன்னு டீச்சரு வந்த அன்னிக்கே எல்லாரையும் உக்காரவச்சு வெளக்கமாச் சொன்னாங்களாம். நான் அப்ப டீ ஊத்திக்கிட்டு இருந்தேன். வெளக்கமெல்லாம் தெரியாத புள்ளைகளுக்குத்தானே, நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன்.

அதுல ஒரு படலை என் பொறுப்புல விட்டாங்க. நீங்க உள்ளூர்லயே இருக்கீங்க, வாரத்துல ஒருக்கா எட்டிப் பாத்து, கம்பு சாஞ்சிருந்தா நிமித்தி வைங்கன்னாங்க. மறு வாரமே போயிப் பாத்தேன். படலுக்குப் பின்னாடி அரையளவுக்கு மண்ணு. நம்ம பொறுப்புல விட்ட எடம், ஒரு வாரத்துல தூந்துபோச்சு. டீச்சரு பாத்தா என்ன நெனைப்பாங்க? வீட்டுக்கு ஓடிப் போயி மம்பட்டியும் சட்டியும் எடுத்துக்கிட்டு வந்து, ஒத்தை ஆளா அள்ளி, கரையில போட்டு, மட்டம் தட்டி, மேல காஞ்ச எலை தழையைப் பரப்பி விட்டேன். வேலைன்னா பாக்கறதுக்கும் லட்சணமா இருக்கணும்ல.

என்ன, முழிக்கிற? இன்னும் இருக்கு, கேளு.

என் படல் சுத்தமாயிருச்சு. மத்த படலைப் பாக்கறேன், எல்லாம் தூந்து கெடக்கு. பாவம், ஞாயித்துக்கிழமை மட்டும் வர்ற புள்ளைக, கம்ப்யூட்டர் பொட்டி தட்டுற கையி, இதுகளுக்கு அள்ளத் தெரியுமா. ஈத்தங்காட்டுல வெயில்ல உக்காந்து பேன் பாத்துக்கிட்டு இருந்த பொம்பளைகளைக் கெளப்புனேன். இது நம்ம குடிக்கிற தண்ணி, வாங்கடின்னேன். மொதல்ல ரெண்டு பேரு வந்தாளுக. விசில் சத்தம் கேக்கவும் மத்தவளுகளும் என்னமோ ஏதோன்னு வந்தாளுக. வந்தவளை விடுவேனா? திங்கள், செவ்வாய் மேல் படல். புதன், வியாழன் நடுப் படல். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போறவளுக்கு லீவு, சர்ச்சுக்குப் போறவளுக்காக ஞாயித்துக்கிழமை எல்லாருக்குமே லீவு. கூலி இல்லாம ஒரு மலையே வேலை பாத்துச்சு. ஒவ்வொரு மழைக்கும் மண்ணு வரும், ஒவ்வொரு மழைக்கும் அள்ளுவோம். எனக்கு அப்ப சோறு நல்லா எறங்குச்சு. மருமகன் எதுக்க உக்காந்தே ரெண்டாந்தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

ஞாயித்துக்கிழமை வர்ற புள்ளைக என்ன நெனைச்சாய்ங்கங்கற? மேல் படல் ஆளுக, இந்தக் கரையை நடுப் படல் ஆளுக கட்டியிருக்காய்ங்கன்னு நெனைச்சுக்கிட்டாய்ங்க. நடுப் படல் ஆளுக, மேல இருக்கறவய்ங்க கட்டுனதுன்னு நெனைச்சுக்கிட்டாய்ங்க. ஒருத்தரை ஒருத்தரு பாராட்டிக்கிட்டு எங்க கரை மேலதான் வரிசையா உக்காந்து எலுமிச்சஞ்சோறு சாப்பிட்டாய்ங்க. நான் ஒண்ணும் சொல்லிக்கல. நல்ல வேலையைத் தம்பட்டம் அடிச்சுக்கிட்டாச் செய்வாக?

ஆவணி போயி, புரட்டாசி போயி, ஐப்பசி பொறக்கப் போற சமயம். பெங்களூர்ல இருந்து ஒரு தாடிக்காரத் தம்பி வந்துச்சு. மண்ணு, தண்ணின்னு பெரிய படிப்புப் படிச்ச புள்ளையாம். ஒவ்வொரு படலுக்குப் பின்னாடியும் குச்சியை விட்டு அளந்து பாத்துச்சு. மண்ணே இல்ல. திரும்ப அளந்துச்சு. எங்கிட்டயே வந்து, இந்தச் சரிவு இம்புட்டு வெரசா ஆறுனதை நான் எங்கயும் பாத்ததில்ல ஆன்ட்டி, ஒரு பொட்டு மண்ணுகூட எறங்கலையேன்னுச்சு. நான் சிரிச்சுக்கிட்டே இன்னொரு டீ ஊத்திக் குடுத்தேன்.

அன்னிக்கு மத்தியானம் டீச்சரு எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்துனாங்க. மொகம் பூராம் சந்தோசம். மலை தேறிருச்சு, இனிமே இங்க வேலை இல்ல, அடுத்த வாரத்துல இருந்து மலைக்கு அந்தப் பக்கத்து ஓடைக்குப் போறோம்னாங்க. எல்லாரும் கை தட்டுனாய்ங்க. நான் மட்டும் தட்டல. இங்க வேலை இல்லைன்னா நான் எங்க இருக்கறது? அதுவும் இம்புட்டு நாளா நாங்க முதுகு ஒடிய அள்ளுனதுக்கு, கைதட்டு மலைக்காம். பொறுக்கல தாயி. முன்னால போயி நின்னுட்டேன்.

"டீச்சர், மலை ஒண்ணும் தேறல. மண்ணு வந்துக்கிட்டேதான் இருக்கு. நாங்கதான் அள்ளுறோம்."

"எதை அள்ளுறீங்க?"

"படல்ல சேர்ற மண்ணைத்தான். அள்ளாம விட்டா நெறைஞ்சு போயிரும்ல."

அந்தம்மா அப்படியே கரை மேல உக்காந்துட்டாங்க. நாங்க கட்டுன கரைதான். அப்புறம் கோவமே இல்லாம, புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னாங்க.

"ஒச்சம்மா, அது நெறையணும்னுதான் கட்டுனோம்."

மண்ணு படலுக்குப் பின்னாடியே நிக்கணுமாம். தண்ணி மட்டும் வடிஞ்சு கீழ போகணுமாம். நின்ன மண்ணுல புல்லு பிடிக்குமாம், புல்லு பிடிச்சா ஓடை மேடாகி ஓட்டம் தணியுமாம், ஊத்துப்பள்ளம் தானாத் தெளியுமாம். இதை மொத நாளே டீ ஊத்தறவகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் கேட்டேன். எல்லாருகிட்டயும்தான் சொன்னேன்னாங்க. எனக்குன்னு தனியாச் சொல்லலையேன்னேன். சரிதானே நான் கேட்டது?

அதுக்குள்ள அந்தத் தாடிக்காரத் தம்பி கரையோரமா ஓடி ஓடிப் பாக்குது. அம்புட்டு மாசத்து மண்ணும் கரையில, வேரு இல்லாம, பொலபொலன்னு, சரியா ஊத்துப்பள்ளத்துக்கு மேல குமிஞ்சு கெடக்கு. ஐப்பசி மழை ஒரு அடி அடிச்சுதுன்னா பூராமும் ஒரே நேரத்துல உள்ள போயிரும், குழாயில திரும்பவும் டீத்தண்ணிதான்னுச்சு. நான் அண்ணாந்து பாத்தேன். மேக்க வானம் கருங்கும்முன்னு நிக்குது. எனக்குப் பேத்தி மொகம்தான் கண்ணுல வந்துச்சு. ஆசுபத்திரிக் கட்டில்ல ஊசி குத்துன கையோட படுத்திருந்துச்சு பாரு, அந்த மொகம்.

அப்புறம் நடந்ததை நீ பாத்திருக்கணும். மண்ணைத் திரும்பப் படலுக்குப் பின்னாடி கொட்டணும். புள்ளைக ஆளுக்கு ஒரு கை அள்ளிக்கிட்டுப் போகுதுக, போற வழியில பாதி சிந்துது, வழுக்கி விழுந்து மீதியும் போகுது. இந்த வேகத்துல போனா அடுத்த ஐப்பசிக்குத்தான் முடியும். விசிலை எடுத்து ஊதுனேன். ஊர்ப் பொம்பளைக சட்டியோட வந்து எறங்குனாளுக. வரிசையா நிறுத்துனேன். ஒருத்தி வெட்ட, ஒருத்தி அள்ள, கைக்குக் கை சட்டி மாறிப் போகணும். எட்டாத எடத்துக்குத் தலைச்சுமை. தாடிக்காரத் தம்பிக்குச் சட்டி தலையில நிக்கல, கழுத்துல கெடந்த அதோட மப்ளரை உருவிச் சும்மாடு கட்டி வச்சுவிட்டேன். அதுக்கப்புறம் புள்ளை நடந்த நடையைப் பாக்கணுமே, கல்யாணப் பொண்ணு மாதிரி. டீச்சரும் சட்டி மாத்துனாங்க. மருமகன் கேரட் வண்டியைப் பாதி வழியில நிறுத்திட்டு ஓடியாந்தாரு. தூர் வாருன மண்ணைத் திரும்ப ஓடையிலயே கொட்டுற கொடுமையை எங்க ஊர்க்காரி எவளாச்சும் பாத்திருந்தா எம் மூஞ்சியில முழிச்சிருக்க மாட்டா. ஒவ்வொரு சட்டி விழுறப்பவும் எனக்குச் சொந்த நகையைக் கெணத்துல போடுற மாதிரி இருந்துச்சு. ஆனா நிறுத்தல. பொழுது சாயறதுக்குள்ள முடிச்சோம். கடைசிச் சட்டி கொட்டிக்கிட்டு இருக்கறப்பவே தூத்தல் விழுந்துருச்சு.

மழைன்னா மழை, அப்படி ஒரு மழை. டீச்சரும் புள்ளைகளும் ராத்திரி ஊர்லயே தங்கிட்டாங்க. விடிஞ்சதும் யாருக்கும் முந்திப் போயிக் குழாயைத் திறந்தேன். லேசாக் கலங்கலா வந்துச்சு. கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிருச்சு. அங்கயே படியில உக்காந்து அழுதுட்டேன்.

அப்புறம் ஓடைக்குப் போனோம். எல்லாப் படலும் நிக்குது, ஒண்ணே ஒண்ணு மட்டும் சாஞ்சு கெடக்கு. எந்தப் படல்னு நீ கேக்கவே வேணாம். என்னோடதுதான். அதுல நின்ன மண்ணு போயி, புள்ளைக புதுசா நட்ட கோரை மேல ஒரு பாய் அகலத்துக்கு மூடிருச்சு. முளைக்கு அடியில நான் ரொம்பத் தோண்டிட்டேனாம், அதான் பிடிமானம் போச்சாம். அதெல்லாம் இல்ல தாயி. அந்த முளையை அடிச்சது கோயமுத்தூர் பையன், அவன் சுத்தியலைப் பிடிச்ச லட்சணம் எனக்குத் தெரியும்.

யாராச்சும் ஒருத்தரு என்னை வைஞ்சிருந்தா நானும் பதிலுக்கு வைஞ்சுட்டு அங்கயே இருந்திருப்பேன். யாரும் வையல. டீச்சரு எந் தோள்ல கையை வச்சு, பரவால்ல ஒச்சம்மான்னாங்க. அதுதான் என்னால தாங்க முடியல. வீட்டுக்கு வந்தேன். மக சோறு போட்டா. கையை வச்சா எறங்கல. செய்யத் தெரிஞ்ச ஒரே வேலை, அதுவும் இந்த ஊருக்கு ஆகாத வேலை. இனி எந்த மொகத்தோட இங்க உக்காந்து திங்கறது? குளிரு ஒத்துக்கலைன்னு சொல்லிட்டு மறுநாளே எங்க ஊருக்குப் பஸ் ஏறிட்டேன். பேத்தி பள்ளிக்கூடம் போன நேரமாப் பாத்துத்தான் கெளம்புனேன்.

ஊர்ல போயி என்ன செஞ்சேன்னு கேக்காத. எங்க தெருச் சாக்கடையை இந்த முக்குல இருந்து அந்த முக்கு வரைக்கும் அள்ளுனேன். அது அள்ள வேண்டிய எடம்தான், விசாரிச்சுட்டுத்தான் கை வச்சேன்.

பாண்டீஸ்வரி தெனமும் போன் போடுவா. வாம்மாம்பா. அங்க எனக்கு என்னடி வேலை கெடக்குன்னு கேப்பேன். புள்ளையைப் பள்ளிக்கூடத்துல விடணும்மான்னா. மருமகன் வண்டி அந்தப் பக்கம்தானே போகுதுன்னேன். படலைத் திரும்பக் கட்டணுமாம்மான்னா. அதான் புள்ளைக கட்டிருக்கும்லன்னேன். மூடுன சேத்துலயே கோரை குத்திக்கிட்டு மேல வந்திருச்சாம்மா, டீச்சரு உங்கிட்டச் சொல்லச் சொன்னாங்கன்னா. தானா வந்ததுக்கு நான் எதுக்குன்னேன். அவ எதைச் சொன்னாலும் எங்கிட்ட ஒரு பதில் இருந்துச்சு. மேட் வேலை பாத்தவகிட்ட வாய் குடுத்து ஜெயிக்க முடியுமா?

முந்தாநாள் போன் போட்டா. நான் வழக்கம் போல, அங்க என்னடி வேலைன்னேன்.

"ஒரு வேலையும் இல்லம்மா," அப்படின்னா. "நீ செய்யறதுக்கு இங்க ஒண்ணுமே கெடையாது. எல்லாத்தையும் நானே செஞ்சு முடிச்சுட்டேன். வா."

"வேலை இல்லாத வீட்டுக்கு எதுக்குடி வரணும்?"

"நீ அங்க இருக்கறது எனக்குப் பிடிக்கல. நீ எங்கூட இருக்கணும். அம்புட்டுத்தான்."

எங்கிட்டப் பதில் இல்ல தாயி. அவ பொறந்ததுல இருந்து அவகூடப் பேசிக்கிட்டு இருக்கேன், இப்படி நான் பதிலில்லாம நின்னதே இல்ல. அதான் இன்னிக்கு பஸ் ஏறிட்டேன்.

இந்தா, அந்த வளைவு தாண்டுனா ஈத்தங்காடு. பூட்ஸை எடுத்துக்க. மக நிறுத்தத்துக்கே வந்து நிப்பா, பேத்தியையும் கூட்டிக்கிட்டு வருவா. எறங்கறதுக்கு முந்தி ஒண்ணே ஒண்ணு சொல்லு தாயி, நீ படிச்ச புள்ளை. ஒரு வீட்டுல வேலை ஒண்ணும் இல்லாம சும்மா இருக்கணும்னா, காலையில எந்திரிச்சதும் மொதல்ல என்ன செய்யணும்?